முன்னுதாரணம் உள்ள வெள்ளம்

2022 செப்டம்பர் 5 காலையில் பெங்களூருவின் சர்ஜாப்பூர் சாலையிலும் வெளிவட்டச் சாலையிலும் டிராக்டர்கள்தான் ஓடின. கழுத்தில் அடையாள அட்டையும் முதுகில் லேப்டாப் பையுமாக ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் நின்றுகொண்டு வேலைக்குப் போன படங்களை நாடே பார்த்தது. யெமலூரில் கோடிகளில் விலைபோகும் வில்லாக்களின் வாசலுக்கு ரப்பர் படகு வந்தது. முந்தின இரவு பதிவான மழை 131.6 மில்லிமீட்டர். அன்றைய முதல்வர் பசவராஜ் பொம்மை கொடுத்த விளக்கத்தில் ஓர் ஆங்கிலச் சொல் முன்னால் வந்து நின்றது: அன்பிரசிடென்டட். 90 ஆண்டுகளில் இப்படி ஒரு மழை பெய்ததில்லை, ஏரிகளெல்லாம் நிரம்பி வழிகின்றன என்றார். முந்தைய ஆட்சிகளின் நிர்வாகக் கோளாறு என்று ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டார். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அந்த வரி தவறாமல் வந்துவிடும்.

வானிலைத் துறையின் பதிவேட்டைப் புரட்டினால் கதை வேறாக இருக்கிறது. 1988 செப்டம்பர் 12 அன்று இதே ஊரில் ஒரே நாளில் 177.6 மி.மீ. பெய்திருக்கிறது. 1997 அக்டோபர் 1 அன்று 178.9 மி.மீ. அவ்வளவு தூரம் போவானேன்? 2014 செப்டம்பர் 26 அன்று 132.3 மி.மீ. அதாவது எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, இதைவிட ஒரு பொட்டு அதிகமாகவே பெய்திருக்கிறது. முதல்வர் சொன்னதில் உண்மையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அந்த ஆண்டின் மொத்த மழை, 2017-இல் பதிவான 1,696 மி.மீ. என்ற பழைய உச்சத்தை அக்டோபரிலேயே தாண்டிவிட்டது. ஆண்டுக் கணக்குக்கு அந்தச் சொல் பொருந்தும். டிராக்டர் ஓடிய அந்த ஒரு நாளுக்குப் பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு. செப்டம்பர் 5-க்கு ஆறு நாள் முன்பு, ஆகஸ்ட் 30 அன்று, அதே வெளிவட்டச் சாலை முழங்கால் தண்ணீரில் நின்றது. அங்குள்ள நிறுவனங்களின் சங்கம் முதல்வருக்கே கடிதம் எழுதியது: ஊழியர்கள் ஐந்து மணி நேரம் சாலையில் மாட்டிக்கொண்டார்கள், ஒரே நாளில் 225 கோடி ரூபாய் இழப்பு. ஆக, எதிர்பாராத வெள்ளத்துக்குச் சில நாள் முன்பே எழுத்துமூலம் தகவல் போயிருந்தது.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் முன்னுதாரணம் என்ற சொல்லின் எதிர்மறை. முன்பு நடந்ததற்குச் சான்றில்லை என்பதுதான் அதன் நேர்ப் பொருள். அதைத் தாண்டி அது எதையும் சொல்வதில்லை. நடைமுறையில் அது எப்போதோ நழுவி, யாரும் எதிர்பார்க்கவில்லை என்ற பொருளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டுக்கும் இடையே பெரிய வாய்க்கால் ஓடுகிறது. முன்பு நடந்ததில்லை என்பது பதிவேட்டைப் பற்றிய பேச்சு. ஏட்டைத் திறந்து சரிபார்க்கலாம். எதிர்பார்க்கவில்லை என்பது ஆட்களைப் பற்றிய பேச்சு. யார் எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்ப்பது யார் வேலை என்று கேட்கலாம். அதிகாரிகள் முதலாவதைச் சொல்லி இரண்டாவதன் சலுகையை வாங்கிக்கொள்கிறார்கள். கோவிட் ஆண்டான 2020-இல் இந்தச் சொல் உலகம் முழுக்க எப்படிப் புழங்கியது என்றால், டிக்‌ஷனரி.காம் தளத்தின் வாசகர்கள் அந்த ஆண்டுக்கான சொல்லாகவே இதைத் தேர்ந்தெடுத்தார்கள். நாமும் குறைந்தவர்கள் இல்லை. தமிழ் நாளிதழ்களில் தங்கம் விலை வரலாறு காணாத உயர்வைத் தொடாத மாதம் அரிது. விபத்துச் செய்தி ஒவ்வொன்றிலும் லாரி ‘எதிர்பாராத விதமாக’த்தான் மோதுகிறது. எதிர்பார்த்துப் போய் லாரியில் மோதியவர் யாராவது உண்டா என்று எந்த உதவி ஆசிரியரும் கேட்பதில்லை. பிரேக் பிடிக்காத லாரி, விளக்கில்லாத வளைவு, பதினாறு மணி நேரம் தூங்காத டிரைவர் எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன.

நீதிமன்றங்கள் இந்தச் சொல்லை இவ்வளவு எளிதாக விட்டதில்லை. அங்கேதான் முன்னுதாரணத்துக்கு விலை அதிகம். இரண்டு வழக்குகளைச் சொல்ல வேண்டும். முதலாவது நம் பக்கத்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காட்டுப் பகுதியில் கார்வேட்டிநகரம் ஜமீன். பெருமழையில் ஜமீனின் இரண்டு பழைய ஏரிகள் உடைந்து, வெள்ளம் போய் மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாதையைப் பெயர்த்தது. கம்பெனி நஷ்டஈடு கேட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1874-இல் தீர்ப்பு. உன் நிலத்தில் தேக்கிய தண்ணீர் அடுத்தவன் நிலத்தைக் கெடுத்தால் நீதான் பொறுப்பு என்று இங்கிலாந்தில் அப்போதுதான் ஒரு விதி நிலைபெற்றிருந்தது. அது இங்கே செல்லாது என்றார்கள். இந்த ஏரிகள் ஜமீன்தார் ஆசைக்கு வெட்டியவை அல்ல; காலங்காலமாக ஊர் வாழ அவசியமானவை; அவற்றைப் பராமரிப்பது அவர் கடமை, மூடிவிட அவருக்கு உரிமையே இல்லை; கவனக் குறைவும் நிரூபணமாகவில்லை. எனவே அவர் பொறுப்பாளி அல்ல. ஜமீன்தார் தப்பித்தது மழை பெரிது என்பதால் மட்டும் அல்ல, கரையைப் பார்த்துக்கொண்டார் என்பதாலும்தான்.

இரண்டாவது ஸ்காட்லாந்தின் கிரீனாக் நகரம். அங்கே நகராட்சி, குழந்தைகள் காலை நனைத்து விளையாட ஒரு சிமென்ட் குளம் கட்டியது. அதற்காக ஓர் ஓடையின் போக்கை மாற்றியது. பேய்மழை பெய்தது. ஓடை பழைய வழியில் போயிருந்தால் ஊருக்குச் சேதம் இல்லை. இப்போது தெருவில் பாய்ந்து ரயில்வே சொத்தைக் கெடுத்தது. அசாதாரண மழை, தெய்வச் செயல் என்றது நகராட்சி. 1917-இல் பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. இயற்கையான ஓடையில் கைவைக்கிறவன், முன்பு அந்த ஓடை எவ்வளவு தண்ணீரைக் கொண்டுபோனதோ அவ்வளவையும் கொண்டுபோக வழி செய்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். மழை எவ்வளவு பெரிது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். பெங்களூருவின் மாநகராட்சி அலுவலகங்களில் எதையாவது சட்டம் போட்டு மாட்ட வேண்டுமென்றால் இந்தத் தீர்ப்பை மாட்டலாம்.

பெங்களூருவில் கைவைக்கப்பட்ட ஓடை ஒன்றிரண்டு அல்ல. இந்த ஊருக்கு ஆறு கிடையாது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. பெய்கிற மழை ஹெப்பாள், கோரமங்களா–சல்லகட்டா, விருஷபாவதி என மூன்று பள்ளத்தாக்குகளில் இறங்கிவிடும். ஓடிவிடும் தண்ணீரை நிறுத்த, மேலிருந்து கீழாகப் படிப்படியாக ஏரிகளை வெட்டினார்கள். 1537-இல் ஊரை நிறுவியதாகச் சொல்லப்படும் கெம்பேகவுடாவுக்கும் வெகுகாலம் முன்பே தொடங்கிய வேலை இது. இன்று ஒயிட்ஃபீல்டின் ஐ.டி. பூங்கா நிற்கிற பட்டந்தூர் அக்ரஹாரத்தின் ஏரியைப் பற்றிக் காடுகோடியில் 1043-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உண்டு. சோழர் ஆட்சிக் காலம். பெர்மாடி காவுண்டன் மகன் ராஜராஜ வேளான் ஏரி எடுத்து, மதகு வைத்து, துர்க்கைக்கும் கணபதிக்கும் க்ஷேத்ரபாலனுக்கும் இடம் கொடுத்ததை அந்தக் கல் சொல்கிறது. தமிழும் கன்னடமும் கலந்து புழங்கிய நிலம் இது. ஏரியைப் பற்றிய சொற்களும் அப்படியே. ஏரி நிரம்பித் தண்ணீர் வழிந்து வெளியேறும் கல்கட்டுக்குக் கன்னடத்தில் கோடி என்று பெயர். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் இன்றும் ‘ஏரி கோடி போயிருச்சு’ என்றால் ஊரே வேடிக்கை பார்க்கக் கிளம்பும். தெற்கே அதையே மறுகால் பாய்கிறது என்பார்கள்.

இந்தக் கோடியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏரிக்கு மூன்று உறுப்பு: கரை, மதகு, கோடி. கரை தேக்குவதற்கு. மதகு பாசனத்துக்கு. பெரும்பாலான ஆண்டுகளில் இந்த இரண்டே போதும். கோடிக்கு வேலையே வராது. புல் முளைத்துக் கிடக்கும், ஆடு படுத்திருக்கும். எப்போதோ வரும் அந்த மழைக்காக மட்டும் கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்து அதைக் கட்டியிருக்கிறார்கள். கரையின் உச்சியைவிடக் கோடியின் மட்டம் இத்தனை முழம் தாழ்ந்திருக்க வேண்டும், இத்தனை அகலம் வேண்டும் என்பதெல்லாம் முன்பு உடைந்த ஏரிகள் கற்றுக்கொடுத்த கணக்கு. வழியும் தண்ணீர் வீணாவதும் இல்லை. ராஜகாலுவெ என்ற பெரிய கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதன் கோடி, அடுத்த கால்வாய், அடுத்த ஏரி. எதிர்பாராத மழைக்கு இந்த அமைப்பில் தனி இடம் ஒதுக்கியிருந்தது. அந்த இடத்துக்கு வரப்பும் வழியும் உண்டு.

பொற்காலக் கதை சொல்ல நான் வரவில்லை. மதகைத் திறந்து மூடி, கரையில் எலி வளை தேடி, கோடியில் அடைத்த முள்ளை எடுத்த நீர்கண்டிகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். கூலி அறுவடையில் கொஞ்சம் தானியம். நடுராத்திரியில் மழையில் கரை மேல் நின்றவர்கள் அவர்கள். கல்வெட்டில் பெயர் வந்தது வேறொருவருக்கு. ஆனால் மழை வரும்போது யார் எங்கே நிற்க வேண்டும் என்பதில் அந்த ஊருக்குக் குழப்பம் இருந்ததில்லை.

இப்போது அந்த ஏரிகளைத் தேட வேண்டுமானால் தெருப் பெயர்ப் பலகைகளைப் படிக்க வேண்டும். மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்தால் பக்கத்திலேயே டேங்க் பண்ட் ரோடு வரும். பண்ட் என்றால் கரை. எந்த ஏரியின் கரை? பேருந்து நிலையம்தான் ஏரி. தர்மாம்புதி என்று பெயர். மில்லர்ஸ் டேங்க் பண்ட் ரோட்டிலும் கரை இருக்கிறது, ஏரி இல்லை. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆனது. கரகத் திருவிழாவின் சடங்குக்காக ஓரத்தில் ஒரு சின்னக் குளத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். சூளே ஏரி கால்பந்து மைதானம், அக்கிதிம்மனஹள்ளி ஏரி ஹாக்கி மைதானம், சல்லகட்டா ஏரி கால்ஃப் மைதானம். கோரமங்களாவில் ஏரி இருந்த இடத்தில் 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக வீரர்களின் குடியிருப்பு எழுந்தது. விளையாட்டுக்கும் ஏரிக்கும் இந்த ஊரில் என்ன பகையோ தெரியவில்லை. நகரின் தெற்கு, கிழக்கு ஓரங்களில் பொம்மசந்திரா, சிங்கசந்திரா என்று முடியும் ஊர்ப்பெயர்கள் நிறைய. அது நிலா இல்லை. சமுத்திரம் தேய்ந்து சந்திரா ஆனது. பெரிய ஏரியைச் சமுத்திரம் என்று அழைத்த பழைய வழக்கம், நம் அம்பாசமுத்திரம் போல.

மூடியதற்குக் காரணங்களும் இருந்தன. கொசு, மலேரியா, சாக்கடை கலந்து நாறிய குட்டை. குழாயில் தண்ணீர் வந்த பிறகு ஏரி எதற்கு என்று நகரவாசிக்குத் தோன்றியதில் வியப்பில்லை. பாசனம் போய், வயலும் போனது. கணக்கில் ஒன்றே ஒன்றைத்தான் விட்டுவிட்டார்கள். ஏரியை மூடினாலும் பள்ளம் அங்கேயேதான் இருக்கும்.

இந்த நகரம் எதிர்பாராத அடிகளை வாங்காத நகரம் அல்ல. 1876–78 பஞ்சத்தில் மைசூர் சமஸ்தானம் அடைந்த இழப்பு பயங்கரம். 1871-இல் 50 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1881-இல் 42 லட்சத்துக்கும் கீழே போனது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1880-இல் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான ஆணையம் அறிக்கை கொடுத்தது. அதிலிருந்து பஞ்ச விதித்தொகுப்புகள் பிறந்தன. தானிய விலை ஏறுகிறதா, ஆட்கள் ஊரைவிட்டு அலைகிறார்களா என்ற அடையாளங்களைப் பட்டியலிட்டு, அவை தெரிந்தால் கலெக்டர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். கஞ்சத்தனமான விதிகள்தாம், கூலியை எவ்வளவு குறைக்கலாம் என்பதில்தான் அவற்றுக்கு அக்கறை அதிகம். இருந்தும் பஞ்சம் என்பது அதற்குப் பிறகு அதிகாரியின் மேசையில் நடைமுறை உள்ள விஷயமாயிற்று. பெங்களூருவுக்கு 1890-களில் ஹெசரகட்டாவிலிருந்து அர்க்காவதித் தண்ணீர் வந்ததும், ஊர்க் கிணற்றையும் ஏரியையும் மட்டும் நம்ப முடியாது என்ற பாடத்துக்குப் பிறகுதான். திவான் கே. சேஷாத்ரி ஐயரின் காலம் அது.

அவர் காலத்திலேயே பிளேக்கும் வந்தது. 1896-இல் பம்பாயில் தொடங்கிய நோய், ரயிலில் ஏறி, ஹூப்ளி வழியாக 1898 ஆகஸ்டில் பெங்களூருவில் இறங்கியது. இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது; ரயில் நிலையத்தில் சோதனைகூட வைத்திருந்தார்கள். ஆனாலும் பேட்டையின் குறுகிய சந்துகளில் நோய் புகுந்தபோது எதிர்பாராதது போலத்தான் எல்லாரும் ஓடினார்கள். பிறகு நடந்தவற்றில் கொடுமை நிறைய: வீடுகளை இடித்தார்கள், ஆட்களை வலுக்கட்டாயமாகப் பிரித்து முகாமில் அடைத்தார்கள். ஊர் ஒரு பக்கம் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எடுத்தது. கோயம்புத்தூரிலும் அந்த அம்மன் உண்டு. இன்னொரு பக்கம் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் வேகம் பிடித்தன. அகலத் தெரு, வீட்டுக்குப் பின்னால் துப்புரவுச் சந்து, வடிகால், நடுவில் பூங்கா என்று வரைபடம் போட்டுக் கட்டிய பேட்டைகள். எந்தச் சாதிக்கு எந்தப் பகுதி என்பதையும் சேர்த்தே வரைந்தார்கள் என்பதை விட்டுவிடக் கூடாது. இன்றைக்கும் மாலை நேரத்தில் அந்தத் தெருக்களில் நடக்கும்போது தெரிகிற விசாலம், 1898-இன் சாவுகளிலிருந்து வந்தது.

1908 செப்டம்பர் 28 அன்று ஐதராபாத்தில் மூசி ஆறு பொங்கி ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. நிஜாம் அழைத்தது பெங்களூருவுக்குப் பக்கத்து முத்தேனஹள்ளியில் பிறந்த எம். விஸ்வேஸ்வரய்யாவை. அவர் மழைமானிகளின் கணக்கைச் சேகரித்தார். நீர்ப்பிடிப்புப் பகுதியில் எத்தனை ஏரிகள், அவற்றில் எத்தனை உடைந்தன என்று எண்ணினார். இருநூறுக்கு மேல் உடைந்திருந்தன. இதைவிடப் பெரிய வெள்ளம் வரலாம் என்று வைத்துக்கொண்டு, மேலே இரண்டு நீர்த்தேக்கங்களைக் கட்டச் சொன்னார். 1920-இல் உஸ்மான் சாகர், 1927-இல் ஹிமாயத் சாகர். ஒருமுறை ஏமாந்த பெங்களூருவைச் சரிசெய்யவும் அவரே வர வேண்டியிருந்தது. 1920-களின் நடுவில் மழை பொய்த்து ஹெசரகட்டா வறண்டது; அர்க்காவதியும் குமுத்வதியும் கூடும் திப்பகொண்டனஹள்ளியில் அடுத்த அணை 1933-இல் முடிந்தது.

இந்தப் பழைய ஆட்களைப் புனிதர்கள் ஆக்கத் தேவையில்லை. அவர்கள் அதிர்ச்சியை ஒரு வேலையின் தொடக்கமாக வைத்துக்கொண்டார்கள் என்பது மட்டும்தான் நான் சொல்ல வருவது. இன்று அந்தச் சொல்லைச் சொன்னதும் பத்திரிகையாளர் சந்திப்பு முடிந்துவிடுகிறது.

இன்றைய அரசாங்கங்களுக்குத் தகவல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஏரிகளைக் காப்பது பற்றி லட்சுமண் ராவ் குழு 1980-களிலேயே பரிந்துரை கொடுத்தது. அதற்குப் பிறகு வந்த ஆணையங்களின் அறிக்கைகளை அடுக்கினால் ஒரு சின்ன ஏரிக்குக் கரையே போடலாம். உச்சமாக, 2021 செப்டம்பரில் இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. பெங்களூருவின் மழைநீர் நிர்வாகம் பற்றி மட்டுமே எழுதிய அறிக்கை. 1900-களின் தொடக்கத்தில் கோரமங்களா பள்ளத்தாக்கில் 113 கிலோமீட்டர் நீளத்துக்கு இருந்த வடிகால்கள் 2016–17-இல் 63 கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டன. விருஷபாவதிப் பள்ளத்தாக்கில் 226 கிலோமீட்டர் 112 ஆனது. பாதி வடிகாலைக் காணவில்லை என்று அரசாங்கத்தின் கணக்காளரே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். சரியாக ஓராண்டு கழித்து டிராக்டர் வந்தது.

வெள்ளம் மட்டும்தான் இப்படி என்றில்லை. 2024 மார்ச்சில் இதே ஊர் குடிநீருக்கு வரிசையில் நின்றது. துணை முதல்வர் டி.கே. சிவகுமார் தன் வீட்டு ஆழ்துளைக் கிணறே வறண்டுவிட்டது என்றார். நகரின் சுமார் 13,900 அரசு போர்வெல்களில் 6,900 வற்றின என்று அரசே சொன்னது. நாள் ஒன்றுக்கு 50 கோடி லிட்டர் பற்றாக்குறை என்றது முதல்வரின் கணக்கு. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம். டேங்கர்காரர்கள் சொன்னதே விலை. அடுக்குமாடிகளில் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் நேர அட்டவணை ஒட்டினார்கள். திடீரென்று வந்ததா? 2023 செப்டம்பரில் கர்நாடக அரசு 195 தாலுகாக்களை வறட்சிப் பகுதியாக அறிவித்திருந்தது. பிறகு அது 236-இல் 223 ஆனது. வறட்சி என்று கையெழுத்துப் போட்ட அதே அரசாங்கம், ஆறு மாதம் கழித்துக் குடத்தைக் கண்டு திகைத்தது.

மூழ்கிய இரண்டாம் ஆண்டில் வறண்ட இந்த வரிசைக்கும் காரணம் தரையிலேயே இருக்கிறது. சிமென்ட் போட்ட தரை மழையை உள்ளே விடுவதில்லை. அது சாலையில் ஓடி வெள்ளமாகிறது. உள்ளே போகாததால் கீழே நீர்மட்டம் இறங்குகிறது; அது அடுத்த ஆண்டு வறட்சியாகிறது. இரண்டுக்கும் ஒரே கணக்குப் புத்தகம். நகரின் மிகப்பெரிய ஏரியான பெல்லந்தூரில் சாக்கடையும் ரசாயனமும் சேர்ந்து நுரை கிளம்பி, 2015-இலும் 2017-இலும் 2018 ஜனவரியிலும் ஏரியே தீப்பிடித்தது. ராணுவ வீரர்கள் வந்து அணைத்தார்கள். ஏரியில் தீ என்பதைத்தான் உண்மையில் வரலாறு காணாதது என்று சொல்லலாம் என நினைத்தேன். மூன்றாவது முறைக்குப் பிறகு அதற்கும் தகுதி போய்விட்டது.

நியாயமாக எதிர்த்தரப்பையும் பார்க்க வேண்டும். உண்மையிலேயே முன்னுதாரணம் இல்லாதவை உண்டு. 1941-இல் நான்கு லட்சம் பேர் இருந்த ஊர், போரும் விமானத் தொழிற்சாலையும் வந்து, பத்தே ஆண்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 2011-இல் 84 லட்சம். இந்த வேகத்தை எந்தத் திவானும் கனவு கண்டிருக்க முடியாது. காவிரியை நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி 1974-இல் கொண்டுவந்து சேர்த்தது சாதாரண வேலையும் அல்ல. அந்தத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில்தான் முடிந்தது. பருவநிலையும் மாறுகிறது. சூடேறிய காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததைக் குறைந்த நேரத்தில் கொட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அதற்கு எந்தப் பதிவேடு ஆறுதல் சொல்லும்? இப்படிப்பட்ட காலத்தில் பழைய உச்சத்தை எல்லையாக வைப்பதே ஆபத்து என்று பொறியாளர்கள் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் இந்த வாதம் அந்தச் சொல்லைக் காப்பாற்றவில்லை. புதுப் புது உச்சம் வரும் என்று அறிவியல் முன்கூட்டியே சொல்லிவிட்ட பிறகு, புதிய உச்சம் எதிர்பார்த்தவற்றின் பட்டியலில்தான் வரும்.

‘நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை’ என்ற பேச்சையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம். வந்துவிட்டதால் இனி நூறு ஆண்டுக்குக் கவலையில்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பொறியாளர் சொல்வது வேறு: ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. சர்ஜாப்பூர் சாலையில் முப்பது ஆண்டுக் கடனில் வீடு வாங்கினால், கடன் அடைவதற்குள் அந்த மழை ஒருமுறையாவது வர நான்கில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பிருக்கிறது. எந்தப் பில்டரின் பளபளப்பான புத்தகத்திலும் இந்தக் கணக்கு அச்சாவதில்லை. நம் நகரங்களின் மழைநீர் வடிகால்களோ, பெரும்பாலும் ஓராண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ ஒருமுறை வரும் மழையைக் கணக்கிட்டுக் கட்டப்பட்டவை. அதாவது ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிரம்பி வழியும் என்று தெரிந்தே கட்டியது. வழிந்தால் எங்கே போகும் என்று மட்டும் யாரும் வரைவதில்லை. பட்டந்தூரில் ஏரி எடுத்தவருக்குக் கோடி வைக்கத் தெரிந்திருந்தது.

2023 மே 21 அன்று நகரின் நடுவே, சட்டமன்றக் கட்டடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் உள்ள கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் நின்ற தண்ணீரில் கார் மூழ்கி ஓர் இளம் பெண் இறந்தார். கோடை மழை, ஒரு மணி நேரம்கூடப் பெய்யவில்லை. பள்ளத்தில் சுரங்கப்பாதை தோண்டினால் தண்ணீர் அங்கே வரும் என்பதற்கு எந்த முன்னுதாரணமும் தேவைப்படாது.

கடைசியாக நடந்ததையும் சொல்ல வேண்டும். 2025 மே 15 அன்று கிரேட்டர் பெங்களூரு ஆட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மூன்றாம் நாள் இரவு நூறு மில்லிமீட்டருக்கு மேல் பெய்து, சாய் லேஅவுட்டில் தரைத்தள வீடுகள் மூழ்கின, மான்யதா டெக் பூங்காவில் தண்ணீர் நின்றது. செப்டம்பரில் பழைய மாநகராட்சி கலைந்து மத்தி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகள் வந்தன. மெஜஸ்டிக் பக்கம் விழும் மழை மத்திய மாநகராட்சியில் கிளம்பி, தெற்கில் உள்ள கோரமங்களாவைக் கடந்து, கிழக்கில் இருக்கும் பெல்லந்தூரில் போய்ச் சேர வேண்டும். தண்ணீருக்கு வார்டு எல்லை தெரியாது, கோப்புக்குத் தெரியும். ஒரே வெள்ளத்துக்கு இனி மூன்று ஆணையர்கள் அந்த ஆங்கிலச் சொல்லைச் சொல்ல முடியும்.

அவர்களிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. லிஃப்டுக்குள் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறது. அதுபோல ஒவ்வொரு ராஜகாலுவெயின் சுவரிலும், மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழைக்கு இது கட்டப்பட்டது, எந்த ஆண்டு, யார் கையெழுத்தில் என்று கன்னடத்திலும் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குப் புரிகிற மொழிகளிலும் எழுதி வைக்கட்டும். பெயின்ட் செலவுதான். சுவரில் உள்ள எண்ணைத் தாண்டிப் பெய்தால், முதல்வர் அந்தச் சொல்லைத் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். தாண்டாமலே தெரு மூழ்கினால், கையெழுத்துப் போட்டவரை அழைத்துக் கேட்கலாம்.